ரத்த அழுத்தம், சர்க்கரை வராமல் தள்ளிப்போட எதைச் சாப்பிடுவது?

மழைக்குருவி:
அப்பா, அம்மா இருவருக்குமே நாற்பது வயதில் ரத்த அழுத்தம் வந்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. எனக்கு இப்போது 36. போன மாதம் பார்த்தபோது 134/86. மாத்திரை வேண்டாம், சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்றார் மருத்துவர். எப்படிக் கவனமாக இருப்பது என்பதுதான் தெரியவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் பூண்டு, மறுநாள் கிரீன் டீ, அப்புறம் ஏதோ ஒரு விதை. எல்லாவற்றையும் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தினசரி சாப்பாட்டிலேயே நிஜமாகப் பலன் தருவது எது?

கீரைக்கட்டு:
உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்களைப் போல இந்த எல்லைக்கோட்டில் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும், செய்வதற்கு நிறைய இருக்கிறது.

ஒற்றைப் பொருளைத் தேடாதீர்கள். டேஷ் என்று ஒரு அமெரிக்க ஆய்வு, 1997இல் வெளியானது. உப்பையும் உடல் எடையையும் மாற்றாமல், காய், பழம், கொழுப்பு குறைந்த பால், பருப்பு, கொட்டை வகைகளைக் கூட்டி, மொத்தக் கொழுப்பைக் குறைத்துக் கொடுத்தார்கள். வழக்கமான உணவு சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி குறைந்தது. அதுவும் எட்டே வாரத்தில். காய், பழங்களில் உள்ள பொட்டாசியம், சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற உதவுகிறது. அடுத்து வந்த ஆய்வில் உப்பையும் குறைத்தபோது அழுத்தம் இன்னும் இறங்கியது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, குறைந்தது 400 கிராம் காய், பழம். பிஸ்கட், ரொட்டி, சாஸ், நொறுக்குத்தீனி எல்லாவற்றிலும் இருப்பதும் அந்த 5 கிராமுக்குள்தான் வரவேண்டும். சமையலில் மட்டும் குறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம்.

சர்க்கரைக்கு நார்ச்சத்து முக்கியம். முழுத்தானியம், பருப்பு, பயறு. பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள், சாறு வேண்டாம். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் போனால் கெட்ட கொழுப்பும் குறையும். அது பித்தநீரைக் குடலில் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். புதிதாகப் பித்தநீர் தயாரிக்க, கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும்.

வடக்குவாசல்:
இவ்வளவும் சமைக்க நேரமில்லாதவர்கள் சத்து மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? பழம், காயில் இருக்கும் அதே சத்துதானே?

கீரைக்கட்டு:
வேண்டாம். 1994இல் ஃபின்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. புகைபிடிக்கும் ஆண்களுக்கு, காய், பழங்களில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தால், 18 சதவீதம் கூடியது. குறைபாடு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் மாத்திரை சரி. கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கும் ஃபோலிக் அமிலமும் அவசியம். மற்றபடி சாப்பாடுதான். நேரம் இல்லையென்றால் ஒரு கைப்பிடி உப்பில்லாத கொட்டைகள், ஒரு பழம். இதற்கு அடுப்பே வேண்டாமே.

நிழல்மரம்:
ஒரு எச்சரிக்கை. என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. அவருக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கே ஆபத்து. யாரோ நல்லது என்று சொன்னதை நம்பி, உப்புக்குப் பதிலாக பொட்டாசியம் கலந்த உப்பை வாங்கிவிட்டோம். மருத்துவர்தான் நிறுத்தச் சொன்னார்.

கீரைக்கட்டு:
மிகச் சரியாகச் சொன்னீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

மழைக்குருவி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? அது சரியாக இருந்தால் தயங்காமல் ஆரம்பிக்கலாம். மூன்று நாள் சாப்பிடுவதை, இடையில் கொறிப்பதையும் சேர்த்து, அப்படியே இங்கே எழுதுங்கள். எதை முதலில் மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.