பரவைக்கடல்ல பறவை எண்ண கமரா செய்யிறம், எங்க சறுக்கும் எண்டு செய்த ஆக்கள் சொல்லுங்கோ

அராலிப்பொடியன்:
வணக்கம். நாங்கள் ஐஞ்சு பேர், கடைசி வருஷ புறொஜெக்ட். யாழ்ப்பாணம் அராலிப் பக்கம் பரவைக்கடல்ல (களப்பில) மாரிக்கு வாற பூநாரை, வாத்துகளை தானா படமெடுத்து எண்ணிற கமரா. றாஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கொம்பியூட்டர், அதுக்குப் பூட்டுற கமரா மொடியூல் 3, 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பற்றரி, ஒரு சோலர் பனல் எண்டு லிஸ்ட் போட்டாச்சு, பறவைய அடையாளம் காணுற ஏஐ மொடலும் அரைவாசி முடிஞ்சுது, இணையத்தில எடுத்த படங்கள்ல வடிவா வேலை செய்யுது. காசு குடுத்து வாங்க முதல் ஒருக்கா கேப்பம் எண்டுதான்.

வாடைக்காத்து:
தம்பி, நாங்களும் முந்தி இதே விசர் வேலைதான் பாத்தனாங்கள், மொடலுக்கு நாலு மாசம், கமராப் பெட்டிக்கு நாலு நாள். உங்கட லிஸ்ட்டில தூரம் எண்ட ஒரு சொல்லே இல்லை. கரையில இருந்து பறவை 200 மீற்றர்ல நிக்குது, உயரம் 1 மீற்றர் எண்டு வையுங்கோ. மொடியூல் 3 இன்ர லென்ஸ் 4.74 மில்லிமீற்றர், பிக்சல் (படத்தின்ர ஒரு புள்ளி) 1.4 மைக்ரோன், கணக்குப் போட்டால் பறவை வெறும் 17 பிக்சல் உயரம். அது பூநாரையோ நட்டு வைச்ச கம்போ எண்டு மனுசனுக்கே தெரியாது, மொடல் என்ன செய்யும்? அதே இடத்தில லென்ஸ் மாத்தக்கூடிய எச்கியூ கமராவும் 16 மில்லிமீற்றர் லென்ஸும் போட்டால் 50 பிக்சல் தாண்டும். ஆனா பாக்கிற அகலம் குறையும், ஒண்டைக் குடுத்துத்தான் மற்றதை வாங்கலாம். நாங்கள் கமராவை முதல் வாங்கிப்போட்டு பேந்துதான் இந்தக் கணக்குப் போட்டனாங்கள், அழுகை வந்தது. பிறகு அந்த 16 லென்ஸுக்கு 5 மில்லிமீற்றர் வளையம் ஒண்டு இடையில போடோணும், அதை விட்டிட்டு லென்ஸ் பழுது எண்டு ஒரு கிழமை கடைக்காரரோட சண்டை!!

கரண்ட்காரன்:
பற்றரிக் கணக்கையும் பாருங்கோ. பை 4 சும்மா நிண்டாலே 3 வாட் அளவு இழுக்கும், ஒரு நாளைக்கு 72 வாட் அவர். உங்கட பற்றரி முழுசா 84 வாட் அவர், ஆனா லெட் அசிட்டில பாதிக்குக் கீழ இறக்கினால் கெதியாச் செத்துப்போகும், அப்ப கையில இருக்கிறது 42 தான். பறவை வாறதும் மாரியில, எங்கட மழை முழுக்கக் கொட்டுறதும் மாரியில, ஒரு நாள் வெயில் இல்லாட்டியே கதை முடிஞ்சுது. 10 நிமிஷத்துக்கு ஒருக்கா எழும்பிப் படம் எடுத்திட்டுப் படுக்கிற மாதிரி செய்யுங்கோ. பை 4 இல நேரம் வைச்சிருக்கிற மணிக்கூட்டுச் சிப், ஆர்ரீசீ, இல்லை, நெற் இல்லாத இடத்தில நிண்டு எழும்பினால் பிழையான நேரத்தைத்தான் படத்தில குத்தும், ஒரு சின்ன ஆர்ரீசீ போட் கட்டாயம். கரண்ட் திடீரெண்டு போனால் படம் சேமிக்கிற எஸ்டி காட்டும் கெடும்.

சிசிடிவி அண்ணை:
நான் கமரா பூட்டுற ஆள், படிச்ச கணக்கு எனக்குத் தெரியாது. இரவு பாக்க ஐஆர் (அகச்சிவப்பு) லைற் போடுறியளோ? போட்டால் பூச்சி வரும், பூச்சிக்கு சிலந்தி வரும், விடிய விடிய வலைதான் படம். லைற்றை லென்ஸில இருந்து தள்ளிப் பூட்டுங்கோ, ஒரே கண்ணாடிக்குப் பின்னால ரெண்டையும் வைச்சால் படம் முழுக்க வெள்ளையாய்ப் போகும். உப்புக்காத்துக்கு வயர் வாய் எல்லாம் பச்சை பிடிக்கும், ஓட்டையைக் கீழ்ப்பக்கம் போடுங்கோ. அசைவைப் பாத்துப் படம் எடுக்கிறது எண்டால் பனை ஓலை ஆடுறதும் அசைவுதான். இன்னொண்டு, ரோட்டோரம் கமரா கட்டினால் சனம் சந்தேகப்படும், ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கட்டுங்கோ.

வாடைக்காத்து:
ஓம் அண்ணை, ஐஆர் சரி. ஆனா இவைக்கு இரவு தேவையே இல்லை எண்டு நினைக்கிறன். காலமைதான் நல்லது, மத்தியானம் சேத்துவெளியில கானல் அலையிறதில எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் படம் நெளியும். மொடியூல் 3 தான் வேணுமெண்டால் ஓட்டோ போகஸை நிப்பாட்டி தூரத்துக்குப் பூட்டி விடுங்கோ, இல்லாட்டி பெட்டிக் கண்ணாடியில இருக்கிற மழைத்துளியைத்தான் வடிவா எடுத்துத் தரும்.

குருவிபாக்கி:
ஒரு படத்தில 12 மெகாபிக்சல் எண்டதுக்காக எண்ணலாம் எண்டு நினைக்காதேங்கோ, பூநாரை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஒட்டித்தான் நிக்கும். கொஞ்சம் உயரத்தில, ஒரு கம்பத்தில வைச்சால் பிரிஞ்சு தெரியும். ஆனா கம்பம் காத்துக்கு ஆடும். சுண்டிக்குளம் பக்கம் போற யோசினை இருந்தால் அது தேசிய பூங்கா, அனுமதி எடுங்கோ.

அராலிப்பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, ரீமில ஒருத்தன் 17 பிக்சலை வாசிச்சிட்டு ஒரு மணித்தியாலமா கதைக்கவேயில்லை. லிஸ்ட்டைக் கிழிச்சாச்சு. ஞாயிறு விடிய அஞ்சரைக்கு போன் கமராவோட போய் எவ்வளவு தூரத்தில நிக்குது எண்டு முதல் பாக்கப்போறம். தூரம் அளக்கிற லேசர் மீற்றர் ஆரிட்டையும் இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தருவியளோ?

சிசிடிவி அண்ணை:
என்னட்டை இருக்கிறது 40 மீற்றர் தான் எடுக்கும் தம்பி, அதுவும் வெயிலுக்குப் புள்ளி தெரியாது. கூகிள் மப்பில கோடு கீறிப் பாருங்கோ.