வகுப்பறையைக் கோட்டுருவாக வரையலாமா?

தமிழ்மிஸ் (ரோஸ் ஹில், மொரிஷியஸ்):
எங்கள் பள்ளியில் தமிழ் நேரத்துக்கு மூன்று பிரிவுகளிலிருந்து 24 பிள்ளைகள் வருகிறார்கள். மணி அடித்ததும் பிரிந்துவிடுவார்கள். "சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்? இரண்டு பெயர் எழுது" என்று சீட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு புள்ளி, கேட்பவரிலிருந்து உதவுபவருக்கு ஓர் அம்பு. இப்படிப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த படம்தான் கோட்டுரு; கோட்டுருவியலில் புள்ளியை முனை என்றும் அம்பை விளிம்பு என்றும் சொல்வார்கள். 48 அம்புகளில் 17 ஒரே பெண்ணிடம் போய் நிற்கின்றன. மூன்று பேருக்கு ஒன்றுகூட இல்லை. அதில் ஒருவன் எப்போதும் சிரித்த முகம். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. எல்லா ஆசிரியர்களும் வரைந்து பார்க்க வேண்டும்.

கணக்குத்தம்பி:
அக்கா, நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். ஆனாலும் இதை ஏற்க மாட்டேன். 24 பேருக்குள் 552 அம்புகள் போட முடியும். ஆளுக்கு இரண்டு என்று நீங்கள்தான் 48-இல் நிறுத்தினீர்கள். அந்தப் பையன் பத்துப் பேருக்கு மூன்றாவது ஆளாக இருக்கலாமே! அவன் தனியாள் என்று படம் சொல்லவில்லை, உங்கள் கேள்வி சொல்லவைக்கிறது.

தமிழ்மிஸ்:
சரி தம்பி, இரண்டு பெயர் போதாதுதான். ஆனால் 1932-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். யார் யாரோடு சேர்த்தி என்று வரைந்துதான் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ அதற்கு விளக்கம் சொன்னார். என் படத்தில் அந்தப் பெண்ணின் புள்ளியை அழித்தால் வகுப்பு மூன்று துண்டாகிறது. அவள் காய்ச்சலில் வராத நாளில் குழு வேலை ஏன் அப்படியே நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அவள் தலையில் எவ்வளவு பாரம்!

போர்ட்லூயிஸ் அம்மா:
மிஸ், என் மகன் படித்த இடத்திலும் இப்படிச் சீட்டு வாங்கினார்கள். "உன் பேரை யாருமே எழுதல" என்று பக்கத்துப் பையன் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கணக்கு சரியாகவே இருக்கட்டும், பிள்ளையிடம் அதைக் கேட்காதீர்கள்.

கணக்குத்தம்பி:
அம்மா சொல்வதுதான் என் பெரிய பயமும். அக்கா, சீட்டே வேண்டாம். குழு வேலையின்போது யார் யார் பக்கம் திரும்புகிறார்கள் என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பிய தடவைகளை அம்பின் மேல் எண்ணாக, அதாவது அதன் எடையாகப் போடலாம்.

தமிழ்மிஸ்:
அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், இது எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். படத்தை மட்டும் விட மாட்டேன் தம்பி. திங்கட்கிழமை முதல் பார்த்துக் குறிக்கிறேன். அந்தப் பையனை வேறு பிரிவுப் பிள்ளைகள் இருவருக்கு நடுவில் உட்காரவைக்கிறேன்.