டிரிபிள் பீம் தராசு மக்கர் பண்ணுது, கிளேஸ் நிறம் வெளுத்துப்போகுது, யாராச்சும் சொல்லுங்களேன்

ஈரமண்:
வணக்கம். புதுச்சேரி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி சின்ன மண்பாண்ட ஸ்டூடியோ, கேஸ் சூளை. நான் போடுற கிளேஸ் (பாண்டத்து மேல பூசிச் சுடுற கண்ணாடிப் பூச்சு) 4-3-2-1தான், ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் பொடி) 20, சைனா களிமண் 10, அதுக்கு மேல நீல நிறத்துக்கு கோபால்ட் கார்பனேட் 0.5 சதவீதம். ஒரு தடவைக்கு 500 கிராம் கலப்பேன். ரெண்டு வருஷமா நல்ல நீலம் வந்துச்சு, போன ரெண்டு சூளையா சொட்டு நீலத்துல அலசின வேட்டி மாதிரி வருது. பொடி அதே மூட்டை, சூளைச் சூட்டைக் காட்டுற கூம்பு, கோன் 10, அதே மாதிரிதான் சாயுது. தராசு மூணு தண்டுல (பீம்) எடையை நகர்த்தி நிறுக்குற வகை, செகண்ட் ஹேண்ட், முள்ளை லேசா தட்டி விட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல நிக்குது. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

உலைவாய்:
அய்யோ எண்ணெய் வேண்டாம்மா, பொடி எல்லாம் அதுல ஒட்டி இன்னும் இறுகிடும். பீம் உக்காருற கத்திமுனையிலயும் அது படுற கல்லுலயும் தூசி இருக்கும், மெல்லிசு பிரஷ்ஷால எடுத்துட்டு ஈரத்துணியால ஒத்தி எடுங்க. வாயால ஊதாதீங்க, சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. பீம் நுனியில காந்தம் இருக்குல்ல, இரும்புத்தூள் அங்கதான் போய் ஒட்டும், அதையும் பாருங்க. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு எடை போடுங்க.

பழைய தராசு:
எங்க தாத்தா மளிகைக்கடைல தட்டு ரெண்டும் சமமா இல்லாட்டி பாசங்கு இருக்குன்னு சொல்லுவார். தராசு எல்லாத்தையும் ஒரே விகிதத்துல தப்பா காட்டினா கிளேஸுக்கு ஒண்ணும் ஆகாது, மொத்தக் கலவையும் கூடும் இல்ல குறையும், அவ்வளவுதான். ஆனா ஜீரோவே தள்ளி இருந்தா வினை, ஏன்னா 0.7 கிராம் தப்பு 200 கிராம் ஃபெல்ட்ஸ்பார்ல தெரியவே தெரியாது, 2.5 கிராம் கோபால்ட்ல கால்வாசிக்கு மேல போயிடும். 2011லேருந்து 2018 வரைக்கும் வந்த மஞ்சள் அஞ்சு ரூபா காசு 6 கிராம் (2019 சீரிஸ் வேண்டாம், அது 6.74). முதல்ல ஒரு காசு, அப்புறம் பத்து காசு வெச்சுப் பாருங்க. 6.1, 61ன்னு காட்டினா விகிதத் தப்பு. 6.7, 60.7ன்னா ஜீரோ தப்பு. எப்பவும் எடை போடுற மாதிரியே, கிண்ணத்தோட வெச்சுப் பாருங்க.

ஈரமண்:
அண்ணா, 6.7, 60.7 அப்படியே வந்துச்சு!! கிண்ணம் 86 கிராம்னு போன வருஷம் சுவத்துல எழுதினதை வெச்சே ஓட்டிட்டு இருந்தேன், இப்ப கிண்ணத்தைக் கவுத்துப் பாத்தா அடியில கிளேஸ் காய்ஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு. கழுவினதும் 86 ஆயிடுச்சு. அப்ப இத்தனை நாளா கோபால்ட் 1.8 கிராம்தான் போயிருக்கு. கத்திமுனையும் துடைச்சேன், முள் இப்ப ஒரே இடத்துல நிக்குது.

உலைவாய்:
கோபால்ட்டுக்கு மட்டும் நகைக்கடைல வைக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டுற குட்டி டிஜிட்டல் ஒண்ணு வாங்கிடுங்க, டிரிபிள் பீம்ல 0.1க்குக் கீழ கண்ணுமதிப்புதான்.

பழைய தராசு:
டிஜிட்டலுக்கும் அதே காசு டெஸ்ட் உண்டு, சொல்லிட்டேன்.

ஈரமண்:
சரிண்ணா. சுவத்துல இருந்த 86ஐ அழிச்சாச்சு, இனிமே ஒவ்வொரு தடவையும் வெறும் கிண்ணத்தை வெச்சுப் பாத்துட்டுத்தான் பொடி. வெள்ளிக்கிழமை சூளை, திறந்ததும் போட்டோ போடுறேன்.