புதுப்பிப்பு: எச்ஐவி-க்கான ஏஆர்டி மாத்திரையை நிறுத்திய தம்பி

மார்ச்சில் கேட்டிருந்தேன்: எச்ஐவி உள்ள என் தம்பி, தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று ஏஆர்டி மையத்துக்கே போகாமல் இரண்டு மாதமாக மாத்திரையை விட்டுவிட்டான், என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொன்ன யோசனைதான். கட்டணமில்லாத எண், பெயரைக்கூடக் கேட்கவில்லை. பக்கத்து மாவட்ட மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே பாசிட்டிவ் உள்ளவர்கள் கூடும் குழுவையும் சொன்னார்கள். பழைய மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கத்தான் மூன்று தடவை அலைந்தோம்.

எதிர்பாராதது குழுவில் நடந்தது. முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே எங்கள் ஊர்க்காரர் ஒருவர்! அவரே எழுந்து வந்து, "நானும் உன்னப் பாக்கல, நீயும் என்னப் பாக்கல, உள்ள வா தம்பி" என்றார். அன்றைக்கு உடைந்தது அவன் பயம்.

இன்னொரு சின்ன விஷயம். பையில் மாத்திரை டப்பா கலகலவென்று சத்தம் போடுவது அவனுக்குப் பெரிய சங்கடம். மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சு வைக்கச் சொன்னார் அங்கிருந்த அக்கா. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாதாம்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு மறுபடி மருந்தைத் தொடங்கினார். ஆறு மாதம் கழித்து எடுத்த வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவு. அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்றாது என்பதையும் குழுவில்தான் தெரிந்துகொண்டான். அவளுக்கு நெகட்டிவ். அடுத்த கூட்டத்துக்கு அவளும் வருகிறாள்.