திருவருகைக்கால வளையமும் வீட்டுக் குடிலும்: சந்தேகம்

பெரம்பூர் புதுவரவு:
கல்யாணமாகி இப்போதுதான் பெரம்பூர் வந்திருக்கிறேன். இந்த வருடம் திருவருகைக்காலத்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு, கோவிலில் வைக்கும் மெழுகுவர்த்தி வளையம் (பச்சை இலை வளையத்தில் வாரம் ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்தி) எங்கள் அன்பியத்தின், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவின், பொறுப்பாம். நான்கும் ஊதா போதுமா? வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலை எப்போது வைப்பது? மாமியார் டிசம்பர் பிறந்ததுமே வைக்கச் சொல்கிறார்.

சாந்தோம் பாட்டுக்குழு:
மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. அன்றைக்கு ஃபாதரின் திருவுடையும் ரோஸாக இருக்கலாம். பாரிமுனையில் வாங்கினால் தடிமனாகப் பார்த்து எடுங்கள். முதல் ஞாயிறு ஏற்றுவது கடைசி வாரம் வரை தாங்க வேண்டும். ஒல்லியாக இருந்தால் ஃபேன் காற்றில் ஒரு பக்கமாக உருகி, இலையெல்லாம் மெழுகாகிவிடும். அப்புறம், பாடுகிறவர்களுக்கு: இந்த ஞாயிறுகளில் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற வானவர் கீதம் கிடையாது, அல்லேலூயா உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் அல்லேலூயாவும் கிடையாது; அதுபோல என்று நினைத்து இப்போதும் விட்டுவிடுகிறார்கள், என்ன சொல்ல!

ராயபுரம் அத்தை:
மாமியார் சொல்வதில் தப்பில்லைம்மா. குடிலை முன்னாடியே வை, குழந்தை இயேசுவை மட்டும் டிசம்பர் 24-ஆம் தேதி ராத்திரி வை. குடிலில் வைக்க, கொட்டாங்குச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு தூவு, பச்சைப் புல் வந்துவிடும். மழை நாளில் தண்ணீர் ஊற்றாதே, அழுகிவிடும். வீடு வீடாகப் பாடி வரும் கேரல்ஸ் என்றைக்கு வருகிறது என்று அன்பியத்தில் கேட்டு வை. ராத்திரி பதினொரு மணிக்குக்கூட மேளத்தோடு வந்து நிற்பார்கள்.

பெரம்பூர் புதுவரவு:
நன்றி அத்தை! கேழ்வரகு இன்றைக்கே தூவட்டுமா?

ராயபுரம் அத்தை:
இப்போதே வேண்டாம், கிறிஸ்துமஸுக்குள் ரொம்ப வளர்ந்து சாய்ந்துவிடும். டிசம்பர் நடுவில் தூவினால் சரி.