பீன்யாவில் வேலை போய்விட்டது: இ.எஸ்.ஐ. வேலையின்மை உதவி கிடைக்குமா?

கேள்வி (பீன்யா தொழிலாளி):
அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் உதிரிபாகம் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக ஆபரேட்டராக இருந்தேன். சம்பளம் 18,000 ரூபாய். ஆர்டர் இல்லை என்று சென்ற வாரம் பதினொரு பேரை நிறுத்திவிட்டார்கள். கணக்கு முடிக்க வேண்டுமானால் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் இன்னும் எழுதவில்லை. வீட்டு உரிமையாளரோ கர்நாடக அரசு வேலையில்லாதவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது என்கிறார். எனக்கு எது பொருந்தும்?

பதில் 1 (ராஜாஜிநகர்வாசி):
வீட்டுக்காரர் சொல்வது யுவநிதி. அது படிப்பை முடித்து ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காத பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உரியது. வேலை இழந்தவர்களுக்கு அல்ல.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், நீங்கள் கேட்க வேண்டியது 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற வேலையின்மை உதவித் திட்டம். முதலில் சராசரி நாள் வருமானத்தில் கால் பங்கு கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாள்; வாழ்நாளில் ஒரு முறைதான். சம்பளத்தில் பாதி என்று எண்ணி 27,000 ரூபாயை எதிர்பார்க்க வேண்டாம். கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களின் (ஒரு காலம் ஆறு மாதம்) மொத்த ஊதியத்தை 730 ஆல் வகுத்துத்தான் நாள் வருமானம் காண்கிறார்கள். உங்களுக்கு 4,32,000 ரூபாயை அப்படி வகுத்தால் ஏறத்தாழ 592. அதில் பாதி 296. 90 நாளுக்குச் சுமார் 26,630 ரூபாய். வேலை போய் 30 நாள் கழிந்த பின் நீங்களே இணையத்தில் விண்ணப்பித்து, அதன் அச்சுப் பிரதியுடன் ஆதார் நகல், வங்கி விவரம் ஆகியவற்றை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். இது அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் உள்ளதா என்று அங்கேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தை மட்டும் எழுதாதீர்கள். தாமாக வேலையைக் கைவிட்டவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இந்த உதவி கிடையாது.

பதில் 2 (தாசரஹள்ளி அக்கா):
தம்பி, 30 நாள் கழியட்டும் என்று சும்மா இருந்துவிட வேண்டாம், இன்றே இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் எண்ணைக் கொண்டு நுழைந்து, எத்தனை நாள்களுக்குப் பங்களிப்பு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு காலம். வேலை போவதற்கு முந்தைய காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் இருக்க வேண்டும். என் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடித்தம் காட்டியிருந்தார்கள். கணக்கிலோ இரண்டு மாதம் வெறுமையாக இருந்தது. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் முறையிட்ட பிறகுதான் ஏறியது.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தலைவலி, இனிஷியல். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருந்தது, வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்து, இ.எஸ்.ஐ. பதிவில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள் என்று நம்ப வைக்க மூன்று வாரம் அலைந்தேன். வங்கியில் பெயரைத் திருத்தி வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன்; இரண்டு காலங்களிலும் 150 நாளுக்கு மேல் இருக்கிறது. சீட்டில் 135 ரூபாய் பிடித்தமும் சரியாகவே உள்ளது. ஆனால் அக்கா சொன்னபடியே பெயர் இடிக்கிறது, வங்கியில் ‘எம்.’ என்று மட்டும் இருக்கிறது, ஆதாரில் முருகேசன் என்று முழுதாக இருக்கிறது. திங்கள் காலை வங்கிக்குப் போய்விட்டு, அப்படியே தொழிற்கூடத்தில் ‘ஆர்டர் இல்லாததால் நிறுத்தப்பட்டார்’ என்று எழுதிக் கேட்கப் போகிறேன். மற்ற பத்துப் பேரில் நால்வர் ஏற்கெனவே விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இனி ஏதாவது வழி உண்டா?

பதில் 1 (ராஜாஜிநகர்வாசி):
பதினொரு பேரும் ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டதற்கான வாட்ஸாப் செய்தி, வருகைப் பதிவு என்று கையில் எது இருந்தாலும் அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவற்றுடன் அவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில், முடிந்தால் ஒரு சங்கத்தாருடன், எழுத்து மூலம் புகார் கொடுக்கட்டும்.