கூகுள் நம் பக்கத்தின் பிரதியை எந்த நாளில் எடுத்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கும்பகோணம்:
உலாவியில் சேர்க்கும் கூகுள் டூல்பாரில் பச்சைப் பட்டை இருந்த காலத்திலேயே எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. பேஜ்ரேங்க் மதிப்பை, அதாவது இணைப்புகளை வைத்துக் கூகுள் பக்கத்துக்குப் போடும் மதிப்பெண்ணை, 0 முதல் 10 வரை காட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறைதான் மாறும். மாறுகிற அன்று தெரிவது அன்றைய கணக்கு இல்லை. முன்னாடியே எடுத்து வைத்தது. எந்த நாளில் எடுத்தார்கள்? என் கோயில் தளத்தின் பக்கங்களை, போட்ட தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்பேன். மாத ஆரம்பத்தில் போட்ட பட்டீஸ்வரம் பக்கத்துக்கு மதிப்பு வந்திருக்கும், மாதக் கடைசியில் போட்ட தாராசுரம் பக்கத்துக்குப் பட்டை சாம்பலாகவே நிற்கும். அப்போ இரண்டுக்கும் நடுவில்தான். ஒற்றைப் பக்கத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, போட்ட அன்றே கூகுள்பாட் (பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் நிரல்) வந்துவிடாது. முகப்பிலிருந்து இணைப்புள்ள பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஓரளவு நெருங்கலாம். 2013 டிசம்பருக்குப் பிறகு பட்டை நகரவில்லை, 2016இல் நீக்கியே விட்டார்கள்.

திருவாரூர்:
அண்ணே, நான் தளம் தொடங்கியது பட்டை போன பிறகு. தினமும் மேட்டூர் நீர்மட்டம் போடுகிறேன். அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் வரியில் எத்தனை அடி என்று பார்த்தாலே போதும், கூகுளிடம் எந்த நாள் பிரதி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அணை நிரம்பினால்தான் சிக்கல். 120 அடியிலேயே நாள்கணக்கில் நிற்கும். (விவசாயிக்குச் சந்தோஷம், எனக்குத் தலைவலி.) அதற்காகவே நீர்வரத்தையும் கன அடியில் சேர்த்துப் போடுகிறேன், அது தினம் ஏறி இறங்கும்.

மயிலாடுதுறை:
நல்ல உத்தி தம்பி. முன்பெல்லாம் கூகுள் சேமித்த பிரதியையே திறந்து தேதி பார்ப்போம். 2024இல் அந்த வசதி போய்விட்டது, இப்போது சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி) கூகுள்பாட் கடைசியாக வந்த நேரத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வந்து பார்த்த நாள் வேறு, தரவரிசை மாறும் நாள் வேறு. 2024 மார்ச் 5இல் தொடங்கிய கோர் அப்டேட் (தரவரிசைக் கணக்கில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) ஏப்ரல் 19 வரை ஓடியது. நடுவில் என் விதைநெல் பக்கம் சரிந்து, மறுபடி ஏறியது. அந்த நாட்களில் கூகுள்பாட் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பிரதியை வைத்தே எடை போட்டிருக்கிறார்கள், இல்லை பக்கத்தில் இருந்த தளங்கள் ஏறி இறங்கியிருக்கும். எதுவானாலும், ஒரே ஒரு நாளைக் குறிவைப்பது பட்டைக் காலத்துப் பழக்கம் என்பேன்.

கும்பகோணம்:
சரிதான் சார். இருந்தாலும் தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று காட்டும் சர்வர் பதிவேட்டைப் பார்க்கும் ஆசை விடமாட்டேன் என்கிறது. அதில் கூகுள்பாட் என்ற பெயரில் வருவதெல்லாம் அசல் இல்லை. வந்தவரின் ஐபி எண் எந்த முகவரிக்கு உரியது என்று திருப்பித் தேடினால் கூகுளின் முகவரி வர வேண்டும், அந்த முகவரியைத் தேடினால் அதே ஐபி வர வேண்டும். தம்பி, அணை திறக்கிற வாரத்தில் உங்கள் பக்கத்துக்கு அசல் ஆள் தினமும் வருகிறாரா? பார்த்துச் சொல்லுங்கள்.